எடுக்கப்படாத நிகழ்ச்சியும் ஏமாற்றப்பட்ட முப்பது பேரும்

 



2002ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் மாநகரில் முப்பது பேர் ஒன்றுகூடினர். அவர்கள் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்களுள் இருந்தனர். குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர்களும் இருந்தனர். ஓராண்டு நடைபெறவிருக்கும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் தாங்கள் தேர்வு செய்யப்பட்டிருப்பதாகவும், வெற்றி பெற்றால் 1,00,000 பவுண்டு பரிசு கிடைக்கும் என்றும் அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. தேம்ஸ் நதியின் நடுவே உள்ள ரேவன்ஸ் எய்ட் என்னும் சிறு தீவில் நேர்முகத் தேர்வு நடந்தது. ஒப்பந்தத் தாளில் கையெழுத்தும் வாங்கப்பட்டது. அழைத்தவர் தம்மை நிக் ரஷ்யன் என்று அறிமுகப்படுத்திக்கொண்ட ஓர் இளைஞர். தாம் ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் தலைவர் என்று அவர் கூறினார்.

வந்தவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். அதன் பின்னரே அவர்களுக்குரிய பணி அறிவிக்கப்பட்டது. ஓராண்டுக்குள் ஒவ்வொரு குழுவும் பத்து இலட்சம் பவுண்டு சம்பாதிக்க வேண்டும். உணவு தரப்படமாட்டாது, தங்க இடம் தரப்படமாட்டாது, கைச்செலவுக்கும் எதுவும் இல்லை. பரிசு என்று சொல்லப்பட்ட தொகையும் அவர்கள் சம்பாதிக்கப்போகும் பணத்திலிருந்தே வர வேண்டும். பத்துப் பேர் பத்து இலட்சம் ஈட்டினால் ஆளுக்கு ஒரு இலட்சம் என்பது கணக்குக்குச் சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் அழைத்தவரின் பங்காக ஒரு பவுண்டுகூட இல்லை.

எந்தத் தொலைக்காட்சி நிறுவனமும் இந்நிகழ்ச்சியை வாங்கியிருக்கவில்லை. அழைத்தவர் புத்தகக் கடையில் வேலை பார்த்தவர். பிறந்தபோது அவருக்கு இடப்பட்ட பெயரும் நிக் ரஷ்யன் அன்று.

இவ்வரலாற்றை ‘தி கிரேட்டஸ்ட் ஷோ நெவர் மேட்’ என்னும் ஆவணத் தொடர் 2023ஆம் ஆண்டு அக்டோபரில் அமேசான் பிரைம் வாயிலாக மீண்டும் மக்கள் முன் வைத்தது. ஆஷ்லி பிரான்சிஸ்-ராய் அதன் இயக்குநர். அத்தொடரைப் பாருங்கள் என்று பரிந்துரைப்பது நமது நோக்கமன்று. அதில் பேசப்படும் நிகழ்ச்சி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்ற நமக்கும் ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. அப்பாடத்தை மார்க்கத்தின் ஒளியில் எடுத்துரைக்கவே இதை எழுதுகிறோம்.

அவர்கள் ஏன் நம்பினார்கள்?

இக்கதையைக் கேட்பவர் முதலில் கேட்கும் கேள்வி, “இப்படியுமா ஒருவர் ஏமாறுவார்?” என்பதுதான். அதற்கு விடை அந்தக் காலத்தின் வரலாற்றில் இருக்கிறது.

1999ஆம் ஆண்டு நெதர்லாந்தில் ‘பிக் பிரதர்’ என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. அந்நியர்களை ஒரே வீட்டில் அடைத்து, இரவும் பகலும் கேமராவால் கண்காணித்து, அதை ஊரெல்லாம் பார்க்கச் செய்வதே அதன் அமைப்பு. மறு ஆண்டு, 2000ஆம் ஆண்டில், அது பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சிக்கு வந்தது. முதல் வெற்றியாளர் லிவர்பூல் நகரைச் சேர்ந்த கட்டுமானத் தொழிலாளி கிரெய்க் பிலிப்ஸ். கிடைத்த 70,000 பவுண்டுப் பரிசை, உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்ட தம் தோழி ஒருவருக்காக அவர் கொடுத்துவிட்டார். ஒரு சாதாரண உழைப்பாளி சில வாரங்களில் நாடறிந்தவராகி, நற்பெயரும் ஈட்டியதை மக்கள் கண்ணாரக் கண்டனர்.

அதே 2000ஆம் ஆண்டில் பிபிசி நிறுவனம் 36 பேரை ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள டாரன்சே என்னும் ஆளில்லாத் தீவில் குடியேற்றியது. பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அங்கே ஓராண்டு வாழ்ந்து காட்ட வேண்டும் என்பதே ஏற்பாடு. 2001ஆம் ஆண்டில் ஐடிவி ஒளிபரப்பிய ‘சர்வைவர்’ நிகழ்ச்சியின் பரிசு பத்து இலட்சம் பவுண்டு. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய ‘பாப் ஐடல்’, முகம் தெரியாத ஓர் இளைஞரைச் சில மாதங்களில் புகழ்பெற்ற பாடகராக்கியது.

இவற்றை வைத்து 2002ஆம் ஆண்டின் விளம்பரத்தைப் பாருங்கள். ஓராண்டு வீட்டை விட்டு வர வேண்டும் என்றார்கள், டாரன்சேயில் நடந்திருந்தது. வேலையை விட வேண்டும் என்றார்கள். பிக் பிரதருக்குப் போனவர்களும் விட்டுத்தான் போனார்கள். பரிசு ஒரு இலட்சம் என்றார்கள். சர்வைவர் கொடுத்ததில் அது பத்தில் ஒரு பங்குதான். சுற்றிலும் நடந்துகொண்டிருந்த உண்மைகளோடு ஒப்பிட்டால் இந்தப் பொய் மிகவும் அடக்கமாகவே இருந்தது. பொய் எப்போதும் உண்மையின் ஆடையை உடுத்தியே வரும். நம்பியவர்களை மூடர்கள் என்று ஒதுக்கிவிட்டால் இந்த நுட்பம் நமக்குப் புலப்படாது.

மூன்று காலம், மூன்று ஏமாற்று

தொலைக்காட்சிப் போட்டிகளின் வரலாற்றில் ஏமாற்று புதியதன்று. ஆனால் ஏமாற்றப்பட்டவர் யார் என்பது காலத்திற்குக் காலம் மாறியிருக்கிறது.

1950களில் அமெரிக்காவில் ‘ட்வென்டி ஒன்’ என்னும் வினாடி வினா நிகழ்ச்சி பெரும் புகழ் பெற்றிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழக விரிவுரையாளர் சார்லஸ் வான் டோரன் அதில் 1,29,000 டாலர் வென்றார். அறிவுக்கு எடுத்துக்காட்டு என்று பெற்றோர்கள் அவரைப் பிள்ளைகளுக்குக் காட்டினர். 1959ஆம் ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் உண்மையை ஒப்புக்கொண்டார். கேள்விகளும் விடைகளும் அவருக்கு முன்கூட்டியே தரப்பட்டிருந்தன. அவருக்கு முன் வென்றுகொண்டிருந்தவர் தோற்குமாறு பணிக்கப்பட்டிருந்தார். அங்கே ஏமாந்தவர்கள் பார்வையாளர்கள். மறு ஆண்டே அத்தகைய போட்டிகளில் மோசடி செய்வதைக் குற்றமாக்கும் சட்டத் திருத்தம் அந்நாட்டில் வந்தது.

1998ஆம் ஆண்டு ஜப்பானில், நசுபி என்னும் மேடைப் பெயர் கொண்ட ஓர் இளம் நகைச்சுவைக் கலைஞர் தனி அறை ஒன்றில் அடைக்கப்பட்டார். உடுத்தியிருந்த ஆடையும் களையப்பட்டது. பத்திரிகைகளின் பரிசுப் போட்டிகளுக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டு, கிடைக்கும் பொருள்களைக் கொண்டே உயிர் வாழ வேண்டும். அவற்றின் மதிப்பு பத்து இலட்சம் யென்னை எட்டினால்தான் வெளியே வரலாம். ஓராண்டுக்கும் மேலாக நீண்ட அக்காலத்தில், தம் பசியும் தனிமையும் நாட்டு மக்களின் வீடுகளில் வேடிக்கையாக ஒளிபரப்பாகிக்கொண்டிருந்ததை அவர் அறியவில்லை. அங்கே ஏமாந்தவர் போட்டியாளர், பார்வையாளர்கள் சிரித்துக்கொண்டிருந்தனர். அவரைப் பற்றிய ‘தி கன்டெஸ்டன்ட்’ என்னும் ஆவணப்படமும் 2023ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

2002ஆம் ஆண்டின் லண்டனில் பார்வையாளரும் இல்லை, நிகழ்ச்சியும் இல்லை. நிகழ்ச்சி என்ற சொல் மட்டுமே இருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக மனிதர்கள் வீட்டையும் தொழிலையும் விட்டுவரும் நிலை, அரை நூற்றாண்டுக்குள் உருவாகிவிட்டது என்பதே இவ்வரலாறு காட்டும் மாற்றம். அந்த ‘பிக் பிரதர்’ குடும்பத்தைச் சேர்ந்த நிகழ்ச்சி 2017ஆம் ஆண்டு முதல் தமிழிலும் நம் வரவேற்பறைகளுக்கு வந்துவிட்டதால், இதை யாரோ எங்கோ உள்ளவர்களின் கதை என்று நாம் கடந்துபோக இயலாது.

ஒரு சிறு வீட்டில் பத்துப் பேர்

பணி அறிவிக்கப்பட்ட சில நாள்களுக்குள் இரண்டு குழுக்கள் கலைந்துவிட்டன. மூன்றாவது குழு மட்டும் உடனே கலையவில்லை. கிழக்கு லண்டனின் டால்ஸ்டன் பகுதியில், படம் பிடிக்கும் பொறுப்பில் இருந்த இளைஞரின் சிறு வீட்டில் அவர்கள் தங்கினர். தரையில் படுத்துறங்கினர். பரிசைப் பற்றிய பேச்சு மெல்லமெல்ல ஓய்ந்து, இந்த நிறுவனம் உண்மையானதுதானா என்ற கேள்வி எழுந்தது.

உண்மை தெரிந்தபின் அவர்கள் அழைத்தவரைத் தங்களுடனேயே அவ்வீட்டில் இருக்கச் செய்து கதவைப் பூட்டினர். உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தியாளர்களை வரவழைத்தனர். தொலைக்காட்சியில் தோன்ற வேண்டும் என்று வந்தவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள் என்ற பெயரில் செய்தியில் தோன்றினர். அக்குழு எடுத்து வைத்திருந்த காட்சிகளைக் கொண்டு, ஆண்டின் இறுதியில் சேனல் 4 ஓர் ஆவணப்படத்தையும் வெளியிட்டது.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, நடுத்தர வயதினராகி அவர்களில் சிலர் மீண்டும் கேமராவின் முன் அமர்ந்து தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். இழந்தது வேலையும் வீடும் மட்டுமன்று. “போகாதே” என்று தடுத்தவர்கள் முன்னால் திரும்பிச் சென்று நிற்பது எத்தனை கடினம் என்பதை, எதிலாவது ஒரு முறை ஏமாந்த எவரும் அறிவர்.

சட்டத்தின் தராசில்

அழைத்தவர் இதற்காகக் குற்றவாளியாகத் தண்டிக்கப்படவில்லை. போட்டியாளர்களிடமிருந்து அவர் கட்டணம் எதுவும் வாங்கவில்லை என்பதே அதற்குரிய முக்கியக் காரணம். அன்று இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்த 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம், ஏமாற்றிப் பொருளைப் பெறுவதைக் குற்றம் என்றது. பின்னர் 2006ஆம் ஆண்டில் வந்த மோசடிச் சட்டம் இன்னும் விரிவானது. பொய்யான கூற்றால் செய்யப்படும் மோசடியை அது தனிக் குற்றமாக்கியது. ஆயினும் ஆதாயம், இழப்பு என்னும் சொற்களை விளக்கும்போது அதுவும் பணத்தையும் சொத்தையுமே குறிப்பிடுகிறது.

அப்படியானால் விட்டுவந்த வேலைக்கும், காலி செய்த வீட்டுக்கும், உடைந்துபோன நம்பிக்கைக்கும் எந்தத் தராசு?

சட்டத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. மனிதர்கள் வகுக்கும் குற்றவியல் சட்டம் எடை போடக்கூடியதையே எடை போடும். அது எதற்கும் எல்லை வகுத்தே ஆக வேண்டும். ஆனால் சட்டம் தண்டிக்கவில்லை என்பதால் ஒரு செயல் குற்றமற்றது ஆகிவிடாது. நம் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டைச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை.

மார்க்கத்தின் தராசில்

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நிகழ்ச்சியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்னும் கருத்தில் கடுமையாக எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இந்த அறிவிப்பில் ஒரு நுட்பம் உண்டு. அந்த வியாபாரி எவரிடமும் காசு வாங்கிவிட்டதாக இதில் சொல்லப்படவில்லை. வாங்கி ஏமாந்தவர் என்று எவரும் அங்கே இல்லை. அவர் வாயால் பொய் சொன்னதாகவும் இல்லை. காய்ந்த தானியத்தை மேலே காட்டி, நனைந்ததைக் கீழே மறைத்ததுதான் அவர் செய்தது. எச்சரிக்கை அப்போதே வந்துவிட்டது. ஆகவே ‘கிஷ்’ என்று அரபியில் வழங்கும் ஏமாற்று, பணம் கைமாறும் நொடியில் தொடங்குவதன்று. உள்ளதை மறைத்து இல்லாததைக் காட்டும்போதே தொடங்கிவிடுகிறது. பரிசு என்ற காய்ந்த தானியத்தை மேலே காட்டி, ‘அதை நீங்களே சம்பாதித்துக்கொள்ள வேண்டும்’ என்னும் ஈரத்தைக் கையெழுத்துக்குப் பின் வெளிப்படுத்தியது இவ்வகையைச் சேர்ந்ததே.

இன்னொரு நிகழ்ச்சி அபூதாவூதில் உள்ளது. ஒரு தாய் தம் சிறு மகனை, “வா, உனக்கு ஒன்று தருகிறேன்” என்று அழைத்தார். அவ்வீட்டில் அமர்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க எண்ணினாய் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். எதையும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். ஒரு குழந்தைக்குக் காட்டப்பட்ட ஒரு பேரீச்சம்பழத்துக்கே கணக்கு உண்டு என்றால், முப்பது பேருக்குக் காட்டப்பட்ட ஓராண்டு வாழ்க்கைக்கு எத்தனை பெரிய கணக்கு இருக்கும்!

பரிசு அறிவித்து ஒரு வேலையைச் செய்யச் சொல்வதற்கு ஃபிக்ஹு நூல்களில் ‘ஜுஆலா’ என்று பெயர். மன்னரின் தொலைந்த அளவைப் பாத்திரத்தைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் தருவதாக அறிவிக்கப்பட்டதை யூசுஃப் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அதனை ஆதாரமாகக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் இதை அனுமதிக்கின்றனர். அதற்கு அவர்கள் வைத்த நிபந்தனைகளுள் ஒன்று, பரிசு இன்னது என்று தெளிவாக அறியப்பட்டிருக்க வேண்டும் என்பதாகும். வேலை முடிந்ததும் அதைக் கொடுக்கும் கடமை அறிவித்தவர் மீது வந்துவிடும். உழைப்பவரின் சம்பாத்தியத்தையே அவருக்குப் பரிசு என்று பெயரிட்டுக் கொடுப்பதற்கு இந்தப் பாடத்தில் இடமே இல்லை.

அழைத்தவர் திட்டமிட்டே ஏமாற்றினாரா, அல்லது தாம் கட்டிய கற்பனையைத் தாமே நம்பிவிட்டாரா? உள்ளங்களில் இருப்பதை அல்லாஹ்வே அறிவான். அவருடைய நிய்யத்தை நாம் தீர்ப்பிட வேண்டியதில்லை. ஆனால் கையில் இல்லாததை இருப்பதாகச் சொல்லி, அதன்மேல் பிறருடைய வாழ்வை ஏற்றிவைப்பவர், நல்ல கனவு கண்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பிறர் நம்மீது வைக்கும் நம்பிக்கை ஓர் அமானிதம்.

ஏமாந்தவரிடம் நபியவர்கள் நடந்துகொண்ட முறை

இக்கட்டுரையில் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இனி வருவதுதான். ஏமாற்றியவரைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். ஏமாந்தவரை எப்படி நடத்துகிறோம்?

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் கொடுக்கல் வாங்கலில் அடிக்கடி ஏமாந்துபோகும் ஒரு தோழர் இருந்தார். அவருடைய குடும்பத்தார் நபியவர்களிடம் வந்து, அவரை வியாபாரம் செய்யாமல் தடுத்துவிடுமாறு வேண்டினர். நபியவர்கள் அவரை அழைத்து வியாபாரத்தை விட்டுவிடும்படி கூறினார்கள். அவரோ, தம்மால் வியாபாரம் செய்யாமல் இருக்க முடியவில்லை என்றார். நபியவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கேலிக்கும் இடம் கொடுக்கவில்லை. வாங்கும்போதும் விற்கும்போதும், இதில் ஏமாற்று இருக்கக் கூடாது என்னும் பொருளுடைய ஒரு சிறு சொல்லைச் சொல்லிவிடுமாறு கற்றுக்கொடுத்தார்கள். வாங்கிய பொருளைக் குறித்து மூன்று நாள் யோசித்து, விரும்பினால் வைத்துக்கொள்ளவும் விரும்பாவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் அவருக்கு உரிமை வழங்கியதாகவும் அறிவிப்பு உண்டு. நம் பகுதிகளில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளும், ஒப்பந்தத்தில் நிபந்தனையிட்டு வைத்துக்கொள்ளும் யோசனைக் காலத்தை மூன்று நாள் என்று வரையறுப்பதற்கு இதுவே அடிப்படை.

எளிதில் ஏமாறும் ஒருவரை வீட்டில் உட்காரவைக்காமல், கடைவீதியில் நிமிர்ந்து நிற்கும் வழியை அவருக்குக் கொடுத்தார்கள். அந்த ஒருவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, வாங்கி விற்கும் எல்லோருக்கும் உரிய சட்டமாயிற்று.

நாம் என்ன செய்கிறோம்? ஏமாந்து வந்தவரை, “பேராசைக்காரன்”, “புகழுக்கு அலைந்தவள்”, “அன்றே சொன்னேனே” என்ற சொற்களால் வரவேற்கிறோம். லண்டனிலும் அதுதான் நடந்தது. அம்முப்பது பேரின் கதை பலருக்கு நகைப்பாகவே இருந்தது. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரை ஏளனம் செய்ய வேண்டாம் என்றும், ஏளனம் செய்யப்படுவோர் செய்வோரைவிடச் சிறந்தவர்களாக இருக்கலாம் என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குப் போதிக்கிறது.

ஏளனம் ஒரு தனி மனிதரைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை. அது உண்மை வெளிவராமல் தடுத்துவிடுகிறது. வளைகுடா வேலை என்று நம்பி முகவரிடம் பணம் கட்டி ஏமாந்த இளைஞர், ஊர் சிரிக்குமே என்று வாயை மூடிக்கொள்கிறார். அவர் பேசாததால் அதே முகவர் அதே தெருவில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அந்த முதல் இளைஞரின் மௌனத்துக்கு அவர் மட்டும் பொறுப்பல்லர். அவரைப் பேசவிடாத நம் நாவுகளும் பொறுப்பு. டால்ஸ்டன் வீட்டில் இருந்தவர்கள் வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் செய்தியாளர்களை அழைத்ததால்தான், அந்த ஏமாற்று அத்துடன் நின்றது.

நம் வீடுகளில் செய்ய வேண்டியவை

பிள்ளைகள் கனவு காண்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ரிஜ்கைத் தேடிப் பூமியில் பரவிச் செல்லுமாறு சொன்ன மார்க்கம் இது. தன் முகத்தை ஊரார் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஓடும் ஓட்டத்தில் முகஸ்துதியின் ஆபத்து உண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு அன்போடு விளக்க வேண்டும். அதேவேளை, வேலைவாய்ப்பாக இருந்தாலும், போட்டியாக இருந்தாலும், முதலீடாக இருந்தாலும், எந்த அழைப்பு வந்தாலும் கீழ்க்காணும் மூன்றையும் வீட்டில் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

முதலாவது, அழைப்பவரை அறிவது. கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் இன்னொருவரைக் குறித்து நற்சான்று கூற வந்தபோது, நீ அவருடைய அண்டை வீட்டுக்காரரா, அவருடன் பயணம் செய்திருக்கிறாயா, தீனார் திர்ஹமில் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறாயா என்று வினவியதாகவும், மூன்றுக்கும் இல்லை என்ற பதில் வந்தபோது, அப்படியானால் நீ அவரை அறியவில்லை என்று முடித்ததாகவும் அறிவிக்கப்படுகிறது. நிக் ரஷ்யனைப் பற்றி இம்மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்லக்கூடியவர் அம்முப்பது பேரில் எவரும் இல்லை. அவர்கள் அறிந்ததெல்லாம் அவருடைய தோற்றமும் பேச்சும் மட்டுமே. அறியாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிப்பது ஐயமன்று, கடமை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்பதை இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்திலும், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் கேட்டறியலாம். இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உள்ளது.

இரண்டாவது, கையெழுத்துக்கு முன் எழுத்தைப் படிப்பது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதையும் சாட்சிகளை ஏற்படுத்துவதையும் பற்றியது. அம்முப்பது பேரும் கையெழுத்திட்டார்கள். ஆனால் உணவு யார் பொறுப்பு, தங்குமிடம் எங்கே, பரிசுப் பணம் எவருடையது என்பவை அவர்களுக்குக் கையெழுத்துக்குப் பின்னரே தெரியவந்தன. இவை மூன்றையும் எழுத்தில் கேட்டிருந்தால் அந்தக் கோட்டை அங்கேயே சரிந்திருக்கும். ஒப்பந்தத் தாளை வீட்டில் படித்தறிந்த ஒருவரிடமோ, பள்ளிவாசல் ஜமாஅத்தில் விவரமறிந்த ஒருவரிடமோ காட்டுவதில் தாழ்வு எதுவும் இல்லை.

மூன்றாவது, மூன்று நாள் பொறுப்பது. இன்றே முடிவு சொல், இப்போதே பணம் கட்டு என்று எவர் நெருக்கினாலும், அந்த ஏமாளித் தோழருக்கு நபியவர்கள் கொடுத்த மூன்று நாளை நினைவில் கொள்ளுங்கள். இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுது, பெற்றோரிடமும் அனுபவசாலிகளிடமும் மஷூரா செய்து முடிவெடுங்கள். உண்மையான அழைப்பு மூன்று நாளில் ஓடிவிடாது.

இத்தனைக்கும் பிறகு ஒரு பிள்ளை ஏமாந்து வந்து வாசலில் நின்றால், முதலில் உள்ளே அழைத்து உணவு கொடுங்கள். தவறு எங்கே நேர்ந்தது என்பதைப் பிறகு சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். அவர் வாய் திறந்து சொல்லும் ஒவ்வொரு விவரமும் வேறொரு வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றக்கூடும்.

அந்த டால்ஸ்டன் வீட்டில் தங்கியவர்களுக்கு ஒரு பவுண்டும் பரிசாகக் கிடைக்கவில்லை. ஆனால் எல்லாம் பொய் என்று தெரிந்த நாள்களில், ஒருவரையொருவர் அறியாத அவர்கள் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்து நின்று, நடந்ததை மறைக்காமல் ஊருக்குச் சொன்னார்கள். இஸ்லாத்தை அறியாத அவர்களிடம் காணப்பட்ட அந்தத் துணைநிற்கும் பண்பு, உம்மத் ஒரே உடல் போன்றது என்று கற்பிக்கப்பட்ட நம்மிடம் இன்னும் அதிகமாகக் காணப்பட வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை ஏமாற்றுவோரிடமிருந்தும், ஏமாற்றுவோராக ஆகிவிடுவதிலிருந்தும் பாதுகாப்பானாக. ஏமாந்து மனமுடைந்து நிற்போருக்கு அதைவிடச் சிறந்ததைப் பகரமாக வழங்குவானாக. அவர்களைத் தாங்கிப் பிடிக்கும் கரங்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.